வளைவுகளுக்கு வைத்த வைக்கோல்

எண்பத்துமூன்றுக் கலவரம் முடிந்து ஊருக்கு வந்த பிறகு என் அப்பா வீட்டில் இருக்கவில்லை, காருக்குள் இருந்தார். காலையில் தேத்தண்ணீர் குடித்துவிட்டுக் கொட்டிலுக்குப் போவார். காரின் கதவைத் திறந்து சாரதி ஆசனத்தில் ஏறிக் கதவைச் சாத்திக்கொள்வார். கையில் ஒரு பழைய பேப்பர் இருக்கும். கார் எங்கேயும் போகாது. மத்தியானம் கூப்பிட்டால் வந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பவும் போய் ஏறிக்கொள்வார். தெற்கே கடை வைத்திருந்து, அதை எரியக் கொடுத்துவிட்டு ஒரு பையோடு கப்பலில் வந்து இறங்கியவர்கள் அப்போது புங்குடுதீவில் நிறையப் பேர். சிலர் கோயிலில் பொழுதைப் போக்கினார்கள், சிலர் சந்தியில் நின்றார்கள். எங்கள் ஆள் காரில் இருந்தார்.

அந்தக் கார் ஐம்பதுகளில் சீமையிலிருந்து வந்தது. சாம்பல் நிறம், உருண்டை மூக்கு, பெரிய பின்பக்கம். ஊர் அதை ஆமை என்று அழைத்தது. கடை நன்றாக நடந்த காலத்தில் அப்பா அதை வாங்கி, கடையில் வைத்துக்கொள்ளாமல் ஊருக்குக் கொண்டுவந்து விட்டார். காரை ஊரார் பார்க்காவிட்டால் கார் வாங்கி என்ன பயன்? நயினாதீவு அம்மன் திருவிழாவுக்கு வரும் நாட்களில் மட்டும் ஓட்டுவார். மற்றக் காலமெல்லாம் அது கொட்டிலில் நிற்கும், அம்மா வெள்ளிக்கிழமை தோறும் ஈரத்துணியால் துடைப்பார். புருசன் அங்கே, புருசனுடைய கார் இங்கே என்று இருபத்தைந்து வருடம் குடும்பம் நடத்திய மனுசி அவர். கார் மீது அவருக்கு இருந்த கோபம் ஒரு நாளில் வந்ததல்ல.

"கார் கொட்டிலுக்கை மழை படாமல் நிக்குது, விறகு முத்தத்திலை கிடந்து நனையுது. இது என்ன நியாயம்?" என்று அம்மா கேட்பார். விறகு ஒரு சாட்டு. அப்பா அதற்குள் ஏறி இருப்பதைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. ஒருநாள் குசினியில் தேங்காய் திருவிக்கொண்டே என்னிடம் சொன்னார். "கார் போனால் ஆள் வெளியிலை வரும் பிள்ளை. அது நிக்குமட்டும் வராது." யாழ்ப்பாணத்தில் கார் திருத்தும் கராச் வைத்திருந்த ஒருவர் பழைய கார்களை வாங்குகிறார் என்று கேள்விப்பட்டு, அவருக்குச் சொல்லியும் அனுப்பிவிட்டார். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. சோதனை எழுதிவிட்டு மறுமொழிக்குக் காத்திருந்தேன். வீட்டில் இருவருக்கும் நடுவில் தூது போவதுதான் என் உத்தியோகம்.

இந்த நிலையில்தான் வாசிகசாலையின் ஆண்டு விழா வந்தது. வழக்கமாகச் சைக்கிள் ஓட்டம், சாக்கு ஓட்டம், தேசிக்காய்க் கரண்டி என்று முடியும். அந்த வருடக் கூட்டத்தில் அப்பா எழும்பி, கார் ஓட்டம் வைப்போம் என்று சொல்லிவிட்டார். மாதக்கணக்காக வாய் திறக்காத மனுசன் வாய் திறந்ததே பெரிது என்று நினைத்தார்களோ என்னவோ, தலைவராக இருந்த பள்ளிக்கூட அதிபர் உடனே ஓம் என்றார்.

அப்பாவுக்கு இந்த எண்ணம் வந்த கதை எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். இளந்தாரியாகக் கொழும்பில் ஒரு கடையில் நின்ற காலத்தில் படம் பார்க்கப் போனாராம். படத்துக்கு முன்னால் காட்டுகிற செய்திப் படத்தில் ஐரோப்பாவிலே ஏதோ ஒரு கடற்கரைப் பட்டணம். அதன் பெயரை ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு மாதிரிச் சொல்லுவார். அந்தப் பட்டணத்துத் தெருக்களிலேயே கார் ஓட்டம் நடந்ததாம். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் மாடி வீடுகள். பால்கனிகளில் தொப்பி போட்ட பெண்கள். ஒவ்வொரு வளைவிலும் வைக்கோல் கட்டுக் கட்டாக அடுக்கியிருந்தார்களாம், கார் மோதினால் அடிபடாமல் இருக்க. ஒரு கார் அந்த வைக்கோலையும் உடைத்துக்கொண்டு கடலுக்குள் போய் விழுந்ததாம். ஓட்டியவன் நீந்திக் கரையேறினானாம். படம் என்ன படம் என்று அப்பாவுக்கு நினைவில்லை. அந்தச் செய்திக்காகவே அதே படத்துக்குத் திரும்பத் திரும்பப் போனது மட்டும் நினைவிருந்தது.

"எங்கடை ஊரும் அப்பிடித்தானே," என்று சொல்வார். "ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் மதில்."

"அவன் நீந்தி வந்தவன்," என்பார் அம்மா. "நீங்கள் விழுந்தால் ஆர் தூக்கிறது?" தீவிலே பிறந்தும் அப்பாவுக்கு நீச்சல் தெரியாது. இதை வெளியில் சொல்லக் கூடாது என்று எங்களுக்குக் கட்டளை. ஊர் முழுக்கத் தெரியும்.

போட்டிக்கு மூன்று கார் சேர்ந்தன. தீவில் அதைவிடக் கூடக் கார்கள் இருந்தன, ஆனால் மற்றவர்கள் புத்தியுள்ளவர்கள். அப்பாவின் ஆமை ஒன்று. குறிகட்டுவான் துறையில் வாடகைக்கு ஓடும் அண்ணையின் கறுப்புக் கார் ஒன்று. மூன்றாவது அதிபருடையது, சைக்கிளில் போகிறவர்கள் முந்திக்கொண்டு போய்த் திரும்பிப் பார்த்துக் கும்பிடும் வேகத்தில் அவர் ஓட்டுவார். ஆலடிச் சந்தி வாசிகசாலையில் புறப்பட்டு, இறுப்பிட்டி சுற்றி, துறைக்குப் போய், மறுபாதையால் ஆலடிக்குத் திரும்ப வேண்டும். ஒவ்வொரு காரிலும் இருக்கைகள் நிறைய ஆட்கள் இருக்க வேண்டும் என்று ஒரு விதியும் போட்டார்கள். இது போட்டிக்காகப் போட்டதல்ல. எங்கள் ஊரில் வெறும் காரோடு ஒருவரும் தெருவில் போக முடியாது. வீட்டு வாசற்படலையில் நிற்கிறவர்களைப் பார்த்தும் ஏற்றாமல் போனான் என்ற பேச்சு மூன்று தலைமுறைக்கு நிற்கும்.

கராச்காரர் வருவதாகச் சொன்னதும் ஓட்டம் நடக்கும் அதே நாள். அப்பாவுக்கு அது தெரியவந்த அன்று மத்தியானம் கூப்பிட்டும் காரை விட்டு இறங்கவில்லை. பிறகு அவர் சொன்னார், "உதின்ரை எஞ்சினிலை ஒரு பிழையுமில்லை."

"அப்ப ஓடிக் காட்டுங்கோவன்," என்றார் அம்மா. "ஆலடியிலை வெளிக்கிட்டுத் திரும்ப ஆலடிக்கு வரட்டும், நான் இனி அதைப் பற்றி வாய் திறக்கமாட்டன். ஆனால் ஒருத்தரும் தள்ளக் கூடாது. ஒரு கை பட்டாலும் கராச்காரர் கொண்டு போகட்டும்."

"முன்னாலை இரும்புப் பிடி போட்டுச் சுத்தி ஸ்ராட் பண்ணலாமோ?"

"அதைச் சுத்துங்கோ. தள்ளுறது மட்டும் இல்லை. சாட்சிக்கு நானே ஏறி இருக்கிறன். பிறகு ஊராரைக் கேட்டு அறிய ஏலாது."

அப்பா ஒத்துக்கொண்டார். கடையைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசியதில்லை. அந்தக் காரும் போய்விட்டால் அவருக்கென்று ஒன்றும் மிச்சமில்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அம்மா சொன்னதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. பொழுதுபடுவதற்குள் இந்தப் பந்தயம் ஊருக்கெல்லாம் தெரிந்துவிட்டது, தண்ணி அள்ளப் போன இடத்தில் எனக்கே இரண்டு பேர் விளக்கமாகச் சொன்னார்கள்.

அடுத்தது வைக்கோல். வளைவுகளுக்கு வைக்கோல் இல்லாமல் அது ஓட்டமே இல்லை என்று அப்பா ஒற்றைக் காலில் நின்றார். கிளிநொச்சிப் பக்கமிருந்து ஒரு லொறி வைக்கோல் இறக்குவித்தார். ஆவணி மாதம். எங்கள் தீவில் தை அறுவடை முடிந்தால் மாடுகளை அவிழ்த்து விட்டுவிடுவது வழக்கம். மழை காணுமட்டும் அவை கட்டாக்காலியாகத் திரிந்து, வேலியில் கிடைத்ததைத் தின்று வயிறு வளர்க்கும். ஆவணியில் பச்சை என்று சொல்ல ஆலமரத்து உச்சிதான் மிஞ்சியிருக்கும். அந்த நேரத்தில், ஓட்டத்தன்று விடியப்புறம், தெருவோரத்தில், ஒவ்வொரு வளைவிலும் பொன்னிறமான வைக்கோலை ஆள் உயரத்துக்கு அடுக்கினோம். எல்லோரும் பார்க்க வேண்டும் என்று ஆலடிக்கு வரும் கடைசி வளைவில் மற்றவற்றைவிடப் பெரிதாக அடுக்கினார் அப்பா.

அம்மா மட்டும் கேட்டார். "மாடு திண்டுபோடாதோ?"

"படத்திலை ஒரு மாடும் தின்னேல்லை," என்றார் அப்பா.

ஊரில் மற்ற எவருக்கும் இந்த யோசனை வராமல் போனது எப்படி என்று பிறகு ஆராய்ந்தோம். தன் மாடு அப்படிப்பட்ட மாடில்லை என்று ஒவ்வொரு வீடும் நினைத்திருக்கிறது.

காலையில் கோயில் ஐயர் வந்து சூடம் காட்டினார். மூன்று காருக்கும் சில்லுகளின் கீழே தேசிக்காய் வைத்தார்கள். கதவுகளில் இலக்கம் எழுதிய கடுதாசியைக் கோதுமை மாப் பசையால் ஒட்டினார்கள், எங்களுக்கு மூன்று. முன்னால் நான், பின்னால் அம்மா, அம்மாவோடு பக்கத்து வீட்டு அக்காமார் இரண்டு பேர். கராச்காரர் வாசிகசாலை வாசலில் கயிறும் கையுமாக நின்றார். காரை அன்றைக்கே இழுத்துக்கொண்டு போகத் தயாராக வந்திருந்தார். அப்பா அவர் பக்கம் திரும்பவேயில்லை. ஐயர் மணியை ஆட்டினார், தேசிக்காய்கள் நசிந்தன, ஆமை ஒரு இருமலோடு புறப்பட்டது.

உண்மையைச் சொன்னால் அது நன்றாகவே ஓடியது. துறை அண்ணை முன்னால் புழுதியைக் கிளப்பிக்கொண்டு போனார், அதிபர் பின்னால் எங்கேயோ வந்தார். அப்பா இரண்டு கையாலும் சுக்கானைப் பிடித்து நிமிர்ந்து இருந்தார். மதில்களில் பெடியள் ஏறியிருந்தார்கள். பால்கனி இல்லாத குறைக்கு ஒரு வீட்டுத் தண்ணீர்த் தாங்கி மேல் இரண்டு பெண்பிள்ளைகள் நின்று கை காட்டினார்கள். அப்பா அவர்களுக்குத் தலையை ஆட்டினார். அந்தப் பட்டணத்து ஓட்டக்காரன் அப்படித்தான் செய்திருப்பான் போலும்.

இறுப்பிட்டியில் பின்னாலிருந்து ஒரு குரல். "இதிலை ஒருக்கா நிப்பாட்டி விடுங்கோ அண்ணை." பக்கத்து வீட்டு அக்காமாருக்கு அங்கே ஒரு வீட்டில் புதிதாகப் பிறந்த பிள்ளையைப் பார்க்கிற அலுவல் இருந்திருக்கிறது. கற்கண்டுப் பொட்டலமும் கையில் இருந்தது. ஓட்டம் அந்தப் பக்கத்தால் போகிறது என்று அறிந்தே ஏறியிருக்கிறார்கள். அப்பா நிறுத்தினார். நிறுத்தாமல் எப்படிப் போவது? அவர்கள் இறங்கிக்கொண்டார்கள்.

அந்த இடத்துக்குப் பக்கத்தில்தான் முதல் வைக்கோல் வளைவு. வைக்கோலைச் சுற்றி ஒரு இருபது மாடும் அதைவிடக் கூட ஆடும் நின்றன. தெருவே தெரியவில்லை. அப்பா ஹோர்ன் அடித்தார். ஒரு மாடு மட்டும் திரும்பிப் பார்த்துவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தது. அதற்குள் ஒரு கிடாய் ஆடு என் பக்கக் கதவில் முன்னங்காலை வைத்து எழும்பி, எங்கள் இலக்கத்தைப் பசையோடு உரித்துத் தின்னத் தொடங்கியது. நான் கையால் தட்டினேன். அது என் கையையும் ஒருமுறை நக்கிப் பார்த்தது.

"மூண்டைத் திண்டிட்டுது," என்றார் அம்மா, பின்னாலிருந்து, சாட்சி சொல்லும் குரலில்.

அப்பா சிரித்தார். முதலில் மூக்கால் ஒரு சத்தம் வந்தது. பிறகு தோள் குலுங்கியது. பிறகு சுக்கானில் நெற்றியை வைத்து, கண்ணீர் வரச் சிரித்தார். ஊருக்கு வந்த பிறகு அந்தச் சத்தத்தை நாங்கள் கேட்டதே இல்லை. நான் திரும்பி அம்மாவைப் பார்த்தேன். அம்மா சிரிக்கவில்லை. அப்பாவின் பின்தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை வந்தது, அதை மறைக்க ஆட்டைத் திட்டினேன்.

எப்படியோ மாடுகளுக்குள்ளால் ஊர்ந்து வெளியே வந்தோம். துறைக்குப் போனபோது முன்னால் போன அண்ணையின் கார் அங்கே நின்றது. வழியில் மீன் கூடையோடு ஒரு மனுசி கை காட்டியிருக்கிறார், ஏற்றிக்கொண்டு வந்து இறக்கியிருக்கிறார். அந்த நேரம் நயினாதீவிலிருந்து ஒரு வள்ளம் வந்து ஆட்கள் இறங்க, வாடகைக்கு ஆளேற்றும் அவருடைய முறையும் வந்துவிட்டது. எங்களைக் கண்டு சன்னலால் தலையை நீட்டினார். "குறை நினையாதேங்கோ அண்ணை. முறையை விட்டால் நாளைக்குத் துறையிலை நிக்க ஏலாது." ஓட்டத்தை அப்படியே விட்டுவிட்டு ஊர்காவற்றுறைக்கு வாடகைக்குப் போய்விட்டார்.

ஆகவே முன்னால் ஒருவரும் இல்லை. பின்னால் அதிபர், அவர் எங்கே வருகிறார் என்று கடவுளுக்கே தெரியும். அப்பா வெல்லப் போகிறார் என்றே நினைத்தேன். ஆலடி தெரிந்தது, வாசிகசாலைக் கொடி தெரிந்தது. கடைசி வளைவும் தெரிந்தது.

தீவில் உள்ள மாடெல்லாம் அங்கே நின்றன என்று சொன்னால் மிகையாகப் படும். பாதிக்கு மேல் நின்றன. அப்பா அடுக்குவித்த பெரிய வைக்கோல் போரை நாலு பக்கமும் சூழ்ந்து, வால் மட்டும் ஆட நின்றன. அம்மா கழுத்தை நீட்டிப் பார்த்தார். "எங்கடை சிவப்பியும் நிக்கிறாள். கட்டிப்போட்டல்லோ வந்தனான்." சிவப்பியின் கழுத்தில் அறுந்த கயிறு தொங்கியது.

வெயிலில் எஞ்சினை ஓடவிட்டபடி நின்றோம். ஆட்கள் வந்து மாட்டைக் கலைத்தார்கள். ஒன்றைக் கலைத்தால் அந்த இடத்துக்கு இரண்டு வந்தன. ஆமையின் மூக்கிலிருந்து ஆவி கிளம்பியது. அப்பா தண்ணீர்க் கலனை எடுத்துக்கொண்டு இறங்குவதற்குள் எஞ்சின் ஒரு விக்கல் விக்கி நின்றது. ஆறவிட்டுத் தண்ணீர் ஊற்றினார். காரின் திறப்பைத் திருப்பினார், சத்தமில்லை. இரும்புப் பிடியைப் போட்டுச் சுற்றினார். திரும்பத் திரும்பச் சுற்றினார். அதற்குள் வைக்கோல் முடிந்துவிட்டது. வைக்கோல் முடிந்ததும் மாடுகள் தாமாகக் கலைந்து போயின. திறந்த தெருவால் அதிபர் மெல்ல மெல்ல வந்தார், எங்களைக் கடக்கும்போது மரியாதையாக வேகத்தை இன்னும் குறைத்து, "என்ன, ஏதும் உதவியோ?" என்று கேட்டார். அப்பா தலையை ஆட்டி வேண்டாம் என்றார். அவர் போய் வென்றார். அவருக்கே அது பெரிய ஆச்சரியம்.

வாசிகசாலை கூப்பிடு தூரத்தில் இருந்தது. அங்கே நின்ற சனம் எங்களிடம் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் நின்றார்கள். மற்ற நாளென்றால் கார் நின்ற மறுகணமே இருபது கை பின்னால் இருக்கும். அன்றைக்கு ஒரு கை நீளவில்லை. ஒருவன் பழக்க தோசத்தில் காரில் கை வைக்கப் போக, பக்கத்தில் நின்றவன் அவன் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தான். கராச்காரரும் கயிற்றோடு வந்து நின்றார். அப்பா சுற்றிக்கொண்டே இருந்தார். வியர்வையில் சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. அவர் ஒருவரையும் பார்க்கவில்லை. பிறகு பிடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சும்மா நின்றார். அந்தக் காட்சியை என்னால் தாங்க முடியவில்லை, இறங்கித் தள்ளினால் அம்மா என்னை வெட்டிப் போடட்டும் என்று கதவில் கை வைத்தேன்.

அதற்கு முன் பின்கதவு திறந்தது. அம்மா இறங்கினார். வீட்டுக்கு நடந்து போகப் போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். அவர் சேலைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகினார். காரின் பின்பக்கம் போனார். இருபத்தைந்து வருடம் வெள்ளிக்கிழமை வெள்ளிக்கிழமை துடைத்த அந்தப் பெரிய பின்பக்கத்தில் இரண்டு கையையும் வைத்தார்.

"ஏறுங்கோ," என்றார் அப்பாவிடம்.

அப்பா நின்ற இடத்தில் நின்றார்.

"உங்களைத்தான். ஏறிச் சுக்கானைப் பிடியுங்கோ." பிறகு சனத்தைப் பார்த்து, "என்ன, மாட்டைப் பார்த்தது போதாதெண்டு என்னையும் பாக்கிறியளோ? வந்து பிடியுங்கோ," என்றார்.

அந்தத் தள்ளில் கார் பறந்தது என்றே சொல்லலாம். பாதி வழியில் எஞ்சினும் பிடித்துக்கொண்டது. வாசிகசாலை வாசலில் அப்பா கடைசியாக, ஆனால் தானாக ஓடுகிற காரில் போய் நின்றார். கொடி பிடித்தவன் அதிபருக்கு ஆட்டியதைவிடப் பலமாக ஆட்டினான்.

கராச்காரர் நியாயஸ்தர். அம்மாவிடம் வந்து மெதுவாகக் கேட்டார். "அக்கா, ஒரு கை பட்டாலும் தாறதெண்டு கதை. நீங்கள்தானே முதல் கை வைச்சு, தள்ளினனீங்கள்?"

"நான் எங்கை தள்ளினனான்?" என்றார் அம்மா. கையில் இருந்த புழுதியைச் சேலையில் துடைத்தார். "இருந்து இருந்து கால் விறைச்சுப் போச்சு. காரிலை கொஞ்சம் சாய்ஞ்சு நிண்டனான்."

அவர் அம்மாவைப் பார்த்தார், அப்பாவைப் பார்த்தார், கயிற்றைச் சுருட்டினார். எங்கள் வீட்டிலேயே மத்தியானம் சாப்பிட்டுவிட்டு, போகும்போது எஞ்சினில் எதையோ திருகிச் சரிசெய்தும் விட்டுப் போனார்.

அடுத்த கிழமை அப்பா காரோடு துறைக்குப் போனார். துறை அண்ணை அவருக்கும் முறையில் ஓர் இடம் பிடித்துக் கொடுத்தார். நயினாதீவு போய் வருகிறவர்களை ஏற்றி இறக்கினார். காலையில் போனால் இருட்டுப்படத்தான் வருவார். வந்து, இன்றைக்கு ஏறியவர்கள் என்ன கதைத்தார்கள் என்று சாப்பிட்டு முடிக்குமட்டும் எங்களுக்குச் சொல்வார். ஆறேழு வருடத்துக்குப் பிறகு போரில் தீவே வெறுமையாகி நாங்கள் எல்லோரும் புறப்பட்டது வேறு கதை, அதை இதற்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை.

அப்பா முதல் நாள் துறைக்குப் போன அன்று காலை அம்மா கொட்டில் வாசலில் போய் நின்றார். உள்ளே எண்ணெய்க் கறை படிந்த வெறும் நிலம். அங்கிருந்தே என்னைக் கூப்பிட்டார்.

"வா பிள்ளை," என்றார். "மழைக்கு முன்னம் விறகை அடுக்குவம்."